அருகுக்கு என்ன உரம்?

சூரமங்கலம்
14-6-1937

அண்ணாவுக்கு,

சௌந்திரம் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். அங்கே எல்லோரும் சுகம் என்று சங்ககிரியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சொல்லக் கேட்டேன். ஆகவே சுகம் விசாரிப்பதை இத்தோடு விட்டுவிடலாம்.

ஒரு வருஷம் நாலு மாதம் கழித்து எழுதுவதால் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாசித் திருவிழாவில் அத்தனை பந்துக்கள் நடுவில் கமலவேணிக்கு எப்போது காது குத்து என்று பெரியவர்கள் கேட்டதும், "நடக்கவே மாட்டாத புள்ளைக்குக் காது குத்தி என்னத்துக்கு ஆவுது" என்று சொன்னீர்கள். தாய்மாமன் வாயிலிருந்து வந்த சொல். நானும் அன்று பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: இவள் தானாக நடந்து வந்து உங்கள் மடியில் உட்காருவாள், அன்றைக்குத்தான் காது குத்து. அதில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது கேட்க வந்தது உரத்தைப் பற்றி. கமலவேணிக்கு இந்த ஆவணியில் ஐந்து வயது. இடது காலில் பலகை வைத்துக் கட்டியிருக்கிறது. பலகையை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு, மெத்தென்ற தரையில் தினமும் காலையும் மாலையும் நடக்கவிட வேண்டும், விழுந்தால் விழட்டும், எழ வேண்டும் என்று இங்குள்ள டாக்டர் சொல்லியிருக்கிறார். தை பிறக்குமுன் மறுபடி பார்ப்பார். அதற்குள் கால் பலப்படாவிட்டால் மதராசிலிருந்து இரும்புச் சட்டம் வரவழைத்து இடுப்புவரை மாட்டிவிடுவார்கள். அதை மாட்டின பிள்ளை அப்புறம் கழற்றியதாக நான் பார்த்ததில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் உங்களுக்குத் தெரியும். இன்ஜின் கரிக்கட்டி போட்டு மேடாக்கிய தரை. குழந்தை ஒருமுறை விழுந்தால் முழங்கால் கிழிந்துவிடும், மறுநாள் காலைக் கீழே வைக்க மாட்டாள். அதனால் ஏரி வண்டல் ஆறு வண்டி அடித்து ஒரு சாண் உயரம் பரப்பி, பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு அடி அருகம்புல் நட்டிருக்கிறேன். பிடித்துக்கொண்டது. ஆனால் வெளுத்துப்போய், முறம் முறமாகத் திட்டு விட்டு நிற்கிறது. இவர் சீமை உப்பு உரம் வாங்கலாம் என்கிறார். பெரிய இன்ஜினீயர் பங்களாவில் தோட்டவேலை பார்க்கும் கந்தனும் அதையேதான் சொல்கிறான். உங்கள் மாப்பிள்ளை கூட்ஸ் குமாஸ்தா, அவருக்கு மூட்டையைத் தெரியும், மண்ணைத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் மண்ணைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அருகு சீக்கிரம் தழைத்து மெத்தையாக என்ன உரம் போடலாம்? அதை மட்டும் எழுதவும்.

சௌந்திரம்


நல்லகிணத்துப்பாளையம்
20-6-1937

அம்மிணி சௌந்திரத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி பொன்னாத்தாள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் தடவை நான் படித்தது எனக்கே நம்பிக்கை வராததால்.

அருகை வளர்க்க உரம் கேட்கிறாய். நம் அப்பன் முதுகு எதனால் வளைந்தது? இந்தப் பூமியில் அருகைத் தோண்டித் தோண்டித்தான். ஒரு கணு மண்ணுக்குள் தங்கினால் அடுத்த மழைக்குக் காடெல்லாம் அதுதான். சித்திரை வெயிலில் கொத்திப் புரட்டிக் காயவைத்து, பொறுக்கி, கொளுத்தி, அப்படியும் சாகாத சனியனுக்கு, ஆறு வண்டி வண்டலும் அடித்து, உரமும் போடப் போகிறாளாம் அவர் பெற்ற மகள். நான் இதை வெளியில் சொல்லவில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். பட்டி போடுவதற்கு மேல் உலகத்தில் உரம் கிடையாது. சரி என்று எழுது, இருபது உருப்படி ஆட்டை ஆள் போட்டு ஓட்டி அனுப்புகிறேன். இரண்டு நாள் உன் வாசலில் அடைத்தால் ஒரு வருஷத்துக்குப் பேச்சே வேண்டாம். அது ஆகாதென்றால் கடலைப் புண்ணாக்கு. இடித்து, ஒரு நாள் ஊறவைத்து, கரைத்து ஊற்று. நீ சரி என்று எழுதுவதற்குக் காத்திராமல் ஒரு மூட்டை சங்ககிரியில் பார்சல் போட்டிருக்கிறேன்.

சீமை உப்பு மட்டும் வேண்டாம். வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் கரும்புக்குப் போடுகிறார்களாம். மண்ணுக்கு அது சாராயம் மாதிரி. இன்று கொடுத்தால் ஆடும், நாளைக்கும் கேட்கும்.

மற்றதை நீ எழுத வேண்டாம் என்றாய். நானும் எழுதவில்லை.

சின்னுசாமி


சூரமங்கலம்
18-7-1937

அண்ணாவுக்கு,

மூட்டை வந்தது. பட்டி யோசனை வேண்டாம். ஸ்டேஷன் எல்லைக்குள் இருபது ஆடு நுழைந்தால் இவருக்கு வேலை போகும். அதோடு ஆடு உரம் போடுவதற்கு முன்னால் புல்லைத் தின்றுவிடும் என்பதை நீங்கள் யோசிக்கவே இல்லை.

புண்ணாக்கை நீங்கள் சொன்னபடியே இடித்து ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். பத்தாம் நாள் புல் லேசாகப் பச்சை கட்டிக் கறுத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாசனைக்கு ரயிலடி நாய்கள் அத்தனையும் வந்து பறித்துப் போட்டன. நாயை விரட்டினால் காக்கை. காக்கை போனதும் எறும்பு. சிவப்பு எறும்பு, தரை முழுக்க.

போன வியாழக்கிழமை கமலவேணியைப் புல்லில் நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். எறும்பு இடது பாதத்தில் ஏறிக் கடித்திருக்கிறது. வீரிட்டாள். அந்தக் காலை வெடுக்கென்று முழங்காலோடு மடக்கித் தூக்கினாள். அண்ணா, இரண்டரை வருஷமாக அந்த முழங்கால் தானாக மடங்கி நான் பார்த்ததில்லை. குழந்தை அழுகிறாள், நான் பைத்தியக்காரி மாதிரி சிரிக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சாரதாமணியம்மா ஓடிவந்து என்னைத் திட்டினார்.

ஆனால் எறும்பை வைத்து நடை பழக்க முடியாது. இப்போது அவள் புல்லைப் பார்த்தாலே காலைத் தூக்கிக்கொள்கிறாள். அன்றிலிருந்து அதன்மேல் இறங்கவில்லை.

ஆகவே வாசனை இல்லாத, எறும்பு வராத உரம் வேண்டும். சீமை உப்புதான் என்று முடிவு செய்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் நாலு ராத்தல் வாங்கியாயிற்று. சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. எவ்வளவு போடுவது, எதோடு போடுவது என்று கேட்டால் கடைக்காரர் "கை அளவுதானுங்க" என்கிறார். யார் கை அளவு? கந்தனைக் கேட்கலாம் என்றால் அவன் எஜமானரோடு ஏற்காடு போய்விட்டான். உங்கள் பக்கம் சந்தைக்கு விவசாய இலாகா டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் வருவதாக இவர் சொல்கிறார். அவரிடம் விசாரித்து எழுதவும். விசாரித்து.

சௌந்திரம்


நல்லகிணத்துப்பாளையம்
26-7-1937

அம்மிணிக்கு,

முழங்கால் மடங்கியது கேட்டு உன் அண்ணி மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

உப்பு விஷயம். உன் பிடிவாதம் அப்பன் கொடுத்தது, நான் மாற்ற முடியாது. போடுவதென்றால் ஒழுங்காகப் போடு. எந்த உரமானாலும் எந்த விதையானாலும் அடுப்புச் சாம்பலில் புரட்டாமல் நம் வீட்டில் மண்ணில் போட்டதுண்டா? சாம்பல் கலந்தால்தான் கையில் ஒட்டாது, ஒரே சீராக விழும், பூச்சியும் அண்டாது. ஒரு பங்கு உப்புக்கு இரண்டு பங்கு சாம்பல். விடிகாலையில், பனி ஈரம் இருக்கும்போது தூவு. இலையில் ஒட்டிக்கொள்ளும், வீணாகாது.

இதற்கெல்லாம் டிமான்ஸ்டிரேட்டர் எதற்கு? நேற்று மீசை முளைத்தவன், கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து கடலைக்கு இடைவெளி விடச் சொல்லித் தருகிறான்.

சின்னுசாமி


சூரமங்கலம்
12-8-1937

அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு, விடிகாலை, பனி ஈரம்.

முறத்தில் போட்டுக் கலக்கும்போதே ஜட்கா வண்டி லாயத்தில் அடிக்குமே, அந்த நெடி, அதைப்போலப் பத்து மடங்கு கிளம்பியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. கமலவேணி உள்ளே படுத்திருந்தவள் இருமி இருமி முகம் சிவந்துவிட்டாள். இருந்தும், அண்ணன் சொல் என்று, விடாமல் முழுவதும் தூவினேன். பதினைந்து நாள் ஆயிற்று. பச்சை வரவில்லை. வராததோடு, ஈர இலையில் உப்பு ஒட்டிய இடமெல்லாம் கருகி, அம்மைத் தழும்பு மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது. மிச்சமிருந்த புல்லும் போயிற்று. இரண்டு மாதம் கிணற்றிலிருந்து நானே சேந்தி ஊற்றிய தண்ணீர்.

நீங்கள் யாரையும் விசாரிக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் வேறு யாரையாவது கேட்டிருப்பேன். தை மாதத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது. இவள் நடந்துவிட்டால் அன்று சொன்ன சொல் பொய்யாகிவிடும் என்று உங்களுக்கு இருக்கிறதா?

புல்லை மறுபடி நடுகிறேன். இனி உங்களுக்கு எழுதப் போவதில்லை.

சௌந்திரம்


நல்லகிணத்துப்பாளையம்
19-8-1937

சௌந்திரத்துக்கு,

புல்லுக்கு எதுவும் போடாதே. தண்ணீர் மட்டும் விடு. விவரம் பின்னால் எழுதுகிறேன்.

சின்னுசாமி


நல்லகிணத்துப்பாளையம்
5-9-1937

அம்மிணிக்கு,

உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் திருச்செங்கோடு போனேன். அந்தக் கால்சட்டைப் பையனை விசாரிக்கத்தான். பெயர் அருணகிரி. அவன் ஆபீசில் இல்லை, கிராமத்துக்குப் போயிருந்தான். இரண்டு மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். சாம்பல் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயா, சாம்பலுக்கும் இந்த உப்புக்கும் ஆகவே ஆகாதுங்க. ரெண்டும் சேந்தா சத்தெல்லாம் நெடியாக் கிளம்பிக் காத்துல போயிரும்" என்றான். உன் கண்ணை எரித்துவிட்டுப் போனதுதான் நீ வாங்கிய உரம். ஈர இலையில் தூவச் சொன்னதும் தப்பு. இரண்டு தப்பும் என்னுடையது. தெரியாததைத் தெரியும் என்று எழுதினேன். இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கமலவேணிக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது நீங்கள் என் வீட்டில் இருந்தீர்கள். முதல் நாளே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீ சொன்னாய். நான்தான், பூசாரி வந்து மந்திரிக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அந்தக் கால் துணி மாதிரி தொங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை நான் மடியில் வைத்ததில்லை, நீ கவனித்தாயோ இல்லையோ. வைத்தால் அந்தக் கால் என் தொடையில் தொங்கும். காது குத்து என்று நாலு பேர் நடுவில் கேட்டதும் அதுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாய் முந்திக்கொண்டது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து மாசிப் பறைச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவள் நடந்து என் சொல் பொய்யாக வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு எனக்கும்.

உரத்துக்கு இன்னும் மூன்று வாரம் பொறு. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

சின்னுசாமி


நல்லகிணத்துப்பாளையம்
28-9-1937

அம்மிணிக்கு,

பார்த்துவிட்டேன். எங்கே பார்த்தேன் என்று கேட்டால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

ஆகஸ்டு மாதமே கிணற்று மேட்டில் ஐந்து பாத்தி பிடித்தேன். நம் காட்டிலேயே நல்ல மண் அதுதான், உனக்குத் தெரியும். வரப்பிலிருந்து அருகைக் கொத்தி எடுத்து அதில் நட்டேன். பண்ணையத்து ஆள் பச்சமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா" என்று கேட்டான். உன் அண்ணி வேப்பிலை அடிக்கலாமா என்று யோசித்திருக்கிறாள்.

ஒரு பாத்திக்கு ஒன்றுமே போடவில்லை. அது உன் வாசல் மாதிரியே வெளுத்து நின்றது. புண்ணாக்குப் பாத்தி பதினைந்தாம் நாள் கறுத்தது, இருபதாம் நாள் எலி தோண்டிப் போட்டது, எறும்புக்கும் குறைவில்லை. ஆட்டுப் புழுக்கைப் பாத்திதான் ஜெயிக்கும் என்று இருந்தேன். மெதுவாக, அழகாகப் பச்சை கட்டியது. ஒருநாள் செருப்பில்லாமல் அதில் ஏறிப் பார்த்தேன். நெருஞ்சி. புழுக்கையோடு வந்த விதையெல்லாம் முளைத்திருக்கிறது. எட்டு முள் பிடுங்கினேன். இதைத்தான் உன் வாசலுக்கு இருபது உருப்படியாக ஓட்டி அனுப்புவதாக இருந்தேன். ஆமணக்குப் புண்ணாக்கு எறும்புக்கு ஆகாது, அதைப் போடலாமா என்றும் யோசித்தேன். அதைத் தின்ற ஆடு செத்ததைப் பார்த்திருக்கிறேன். கையை வாயில் வைக்கிற பிள்ளை புரளும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

மீதி இரண்டு பாத்திக்குச் சீமை உப்பு. ஒன்றுக்கு அருணகிரி சொன்ன அளவு, இன்னொன்றுக்கு அதைப்போல மூன்று மடங்கு, அவனைச் சோதிக்க. மூன்று மடங்கு போட்டது முழங்கால் உயரம் தளதளவென்று வந்து, வெயில் ஏறினதும் சாய்ந்து அழுகியது. சொன்ன அளவு போட்டது இருக்கிறதே, அம்மிணி, குட்டையாக, நெருக்கமாக, கை வைத்தால் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி இருக்கிறது. சொல்ல வாய் கூசுகிறது. உப்புதான்.

உன் இடத்துக்கு அரை ராத்தல் போதும். அதற்குமேல் ஒரு சிட்டிகை கூட வேண்டாம். இரண்டு படி காய்ந்த ஆற்று மணலில் கல. சாம்பல் பக்கத்திலேயே வரக்கூடாது. மாலையில், இலை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பாதியை நீளவாட்டில் வீசு, பாதியைக் குறுக்குவாட்டில். வீசின கையோடு பூவாளியால் தண்ணீர் ஊற்று, இலையில் ஒரு துளி உப்புகூட நிற்காதபடி. இரண்டு நாள் பிள்ளையை அதில் விடாதே. பிறகு மாதம் ஒரு தடவை, இதே அளவு. புல் நன்றாக இருக்கிறதே என்று கூட்டாதே.

மணல் கிடைக்குமோ என்னவோ என்று காவிரி மணலே சலித்துக் காயவைத்து ஒரு மூட்டை பார்சல் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையை எடுத்துக்கொள்ளச் சொல்.

சின்னுசாமி


சூரமங்கலம்
27-10-1937

அண்ணாவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். மணல் மூட்டைக்கு ரசீது எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை ராத்தல், இரண்டு படி மணல், மாலை நாலரை மணி. இவர் பூவாளியைப் பிடித்தார், நான் வீசினேன். சாரதாமணியம்மா தன் வீட்டு அடுப்புச் சாம்பலைக்கூட அன்று வெளியில் கொட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். எட்டாம் நாள் பச்சை. இப்போது ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. பதினெட்டுக்குப் பன்னிரண்டில் கரிக்கட்டி கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்றுகூட இல்லை. கந்தன் ஏற்காட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு, பங்களாப் புல்லே இப்படி இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

கமலவேணி முதலில் இறங்க மாட்டேன் என்றாள். "எறும்பு இருக்குது, நான் வரமாட்டேன்" என்று ஒரே பிடி. நானே படுத்துப் புரண்டு காட்டினேன். குமாஸ்தா பெண்டாட்டி வாசலில் புரளுகிறாள் என்று காலனி முழுக்கப் பேச்சு. பேசட்டும். மூன்றாம் நாள் இறங்கினாள். நேற்று பதினோரு தடவை விழுந்தாள். ஒரு தடவைகூட முழங்கால் கிழியவில்லை. ஒரு தடவைகூட அழவில்லை. பன்னிரண்டாவது தடவை எழுந்து, பிடிமானம் இல்லாமல், ஐந்து அடி வைத்தாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான். இருந்தாலும் ஐந்து அடி.

நீங்கள் எழுதியதற்கு: காய்ச்சலுக்கு யாரும் பொறுப்பில்லை. முதல் நாளே கொண்டுவந்திருந்தாலும் இந்தக் கால் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. நீங்கள் அதைச் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது. அதை இறக்கி வைத்துவிடுங்கள்.

பேச்சுக்கு நீங்கள் பொறுப்பு. அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் பார்க்கிறேன்.

சௌந்திரம்


நல்லகிணத்துப்பாளையம்
2-1-1938

அம்மிணி சௌந்திரத்துக்கு,

டாக்டர் பார்க்கிற நாள் இந்த வாரம் என்று மாப்பிள்ளை தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். அவர் என்ன சொன்னாலும் உடனே எழுது. நல்லதானாலும் அல்லாததானாலும்.

நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். காது குத்து எப்போது? இரும்புச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளையை நீ தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தாலும், எனக்கு அதுதான் பாக்கியம். நீ போட்ட நிபந்தனைக்காக அந்தப் பிள்ளையை வருத்தாதே. நிபந்தனை என் வாய்க்குப் போட்டது. நான் அதை ஒப்புக்கொண்டாயிற்று. போன வெள்ளிக்கிழமை கோயிலில் அத்தனை பேர் இருக்கும்போதே, அன்னைக்கு நான் பேசினது தப்புங்க என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொன்று. கிணற்று மேட்டுப் பாத்தி ஐந்தும் இப்போது பாத்தியாக இல்லை. அருகுக்குத் தெரியுமா வரப்பு? மேட்டையே பிடித்துக்கொண்டது. வண்டித்தடத்திலிருந்து நம் அம்மன் கோயில் வாசல் வரைக்கும் அந்த வழிதான். தை உழவுக்கு முன்னால் கொத்தி எடுத்துவிடட்டுமா என்று பச்சமுத்து கேட்டான். வேண்டாம் என்றேன். நெருஞ்சியை மட்டும் ஒன்றுவிடாமல் பிடுங்கச் சொல்லி, பிறகு நானே செருப்பில்லாமல் மூன்று நடை நடந்து பார்த்தேன். நெடுக அரை ராத்தல் கணக்கில் உப்பும் வீசியிருக்கிறேன். மேடு முழுக்க.

நீ வந்தால் வண்டியைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்த ஏற்பாடு செய்கிறேன்.

சின்னுசாமி


சூரமங்கலம்
9-1-1938

அன்புள்ள அண்ணாவுக்கு,

டாக்டர் நேற்று பார்த்தார். பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். அடுப்பெரிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எரித்தேன். சாம்பலைப் புல் பக்கம் கொண்டுபோகவில்லை.

இரும்புச் சட்டம் வேண்டாமாம். கால் மற்றக் காலைப்போல் ஒருநாளும் ஆகாது, சாய்ந்துதான் நடப்பாள், அதையும் சொல்லிவிட்டார். சாய்ந்து நடக்கட்டும். புல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பதினெட்டு அடி, திரும்பவும் பதினெட்டு அடி, இன்று காலை விழாமல் நடந்தாள். கரிக்கட்டித் தரையில் இன்னும் பயம். புல்லில் பயமில்லை.

தை ஏழாம் தேதி காது குத்து. உங்கள் மாப்பிள்ளை லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆசாரிக்குச் சொல்லி வைக்கவும். முதல் நாள் மாலை வண்டிக்கு வருகிறோம்.

கோயில் வாசலுக்கு மாட்டுவண்டி வேண்டாம். கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டித்தடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து கோயில் வாசல் எழுபது அடி இருக்கும், சின்ன வயதில் நாம் ஓடின இடம், எனக்குத் தெரியும். அவள் இதுவரை எழுபது அடி நடந்ததில்லை. நடுவில் விழுவாள். இரண்டு தடவை, மூன்று தடவைகூட விழலாம்.

நீங்கள் கோயில் வாசலில் மடி போட்டு உட்கார்ந்திருங்கள். அவள் விழுந்தால் எழுந்து ஓடி வராதீர்கள். உங்களுக்குக் கை பரபரக்கும், எனக்கும்தான். யாரும் தூக்கக்கூடாது. அண்ணி, பச்சமுத்து, யாராக இருந்தாலும் சரி. உங்கள் அருகு அவளைத் தாங்கும். அவள் எழுந்து வருவாள்.

வந்து சேருகிறவரைக்கும் உட்கார்ந்தே இருங்கள், அண்ணா.

உங்கள் தங்கை
சௌந்திரம்